இன்றைக்கு எந்தக் கத்திக்கு டூட்டி, தேவு?

என் தேவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வாசல்கூடத் தெளிக்காமல், மாடிக்குப் போய் உன் நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். துணிச் சுருளைக் கட்டிலில் விரித்துவிட்டு, உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு யாருக்குடா டூட்டி?" என்று கேட்டேன். பனித்திட்டு கை தூக்கியது. அதாவது, அதன் நைலான் கயிறு சுற்றிய பிடியில் சன்னல் வெளிச்சம் விழுந்தது. கை தூக்கியதாக நான் எடுத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் நின்றபடி ஒரு கொய்யாப் பழத்தை எட்டாக வகுந்து தின்றேன். அப்புறம்தான் கோலம், காப்பி, மற்றதெல்லாம்.

சிரிக்கிறாய், தெரிகிறது. கத்தியைக் கண்டாலே தள்ளி நின்ற அண்ணியா இவள் என்று.

இதை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. கொஞ்சம் பொறு, அவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ என் கணவரின் தங்கை. முறைக்கு நான் உனக்கு அண்ணி. வயதுக்கு நீ எனக்கு ஆறு மாதம் மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாகூரில் எங்களோடு, மாடி அறையில் இருந்தாய். வேளாண் துறையில் களப்பணி. காட்டேரிக்குப்பத்தில் நான்கு வருடம், பிறகு இங்கேயே. ஸ்கூட்டியில் போய், கரும்பைப் பிளந்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது உன் வேலை. அதற்கு ஒரு கத்தி போதும். உன்னிடம் பதினேழு இருந்தன.

பதினேழும் சின்னவை. விரிந்த கையை விட நீளமான கத்தியை நீ தொட்டதில்லை. "பெருசு வெச்சிருந்தா ரவுடிம்பாங்க, சிறுசு வெச்சிருந்தா டீச்சரம்மாம்பாங்க" என்பாய். தினமும் மூன்று உன்னோடு வெளியே போகும். கைப்பையில் மடக்குக் கத்தி ஒன்று, இடுப்பில் தோல் உறைக்குள் ஒன்று, சாவிக்கொத்தில் விரல் நகம் அளவில் ஒன்று. எந்த மூன்று என்பதை ஒவ்வொரு நாளும் காலையில் முடிவு செய்வாய். மழை என்றால் துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்தி. கல்யாண வீடு என்றால் எலும்புப் பிடி போட்டது. நான் எந்தப் புடவை கட்டுவது என்று அலமாரியின் முன்னால் நிற்கும் நேரத்துக்கு நீ அந்தச் சுருளின் முன்னால் நிற்பாய். நம் இருவரையும் கீழே இருந்து உன் அண்ணன் கத்திக் கூப்பிடுவார்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய வில்லியனூர்ப் பெரியவர் ஒருவர் கொடுத்த மரப்பிடி மடக்குக் கத்தி, கழுத்தில் வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளுமே, அது சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். கத்தரிக்கோலும் முள்வாங்கியும் திருப்புளியும் உள்ளே வைத்த சிவப்புக் கத்தி எட்டுக்கை. சாவிக்கொத்தில் தொங்குவது கொசு. வலை பிரிக்க வைத்திருந்ததை ஒரு மீனவப் பெண் உனக்கு எடுத்துக் கொடுத்தது பனித்திட்டு, அவள் ஊரின் பெயர். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை வெட்டி, பட்டறையில் பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கி வந்தாயே, மடங்காத குட்டைக் கத்தி, அது குள்ளி. இடுப்பில் போவது பெரும்பாலும் குள்ளிதான்.

ஒருமுறை புதுச்சேரியில் ஏதோ அரசு அலுவலக வாசலில் உன் பையைச் சோதித்தார்கள். நானும் கூட இருந்தேன்.

"மேடம், உள்ள இன்னா இருக்குது?"

"கத்தி."

அந்தக் காவலர் பெண் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு?"

"கரும்பு பொளக்க."

"இங்க ஏது கரும்பு?"

"இங்க இல்ல. அதான் பையிலயே கீது."

கத்தியை அவளிடமே ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பி வரும்போது அவள் அதே கத்தியால் ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள். "நல்லா சீவுது மேடம், எங்க வாங்கினீங்க?" என்றாள். வீடு வரும் வரை பேருந்தில் நாம் சிரித்ததில், முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நம் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்று என் பிறந்த வீட்டில் சொல்வார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, நீ நீட்டிய கத்தியை வாங்காமல், "கீழ வைங்க" என்று நான் சொன்னதும், "அண்ணி பி.காம். படிச்சவங்க" என்று உன் அண்ணனிடம் போய்க் கண்ணடித்தாய். ஆனால் அன்றிலிருந்து கீழேதான் வைத்தாய். சமையலறையில் வெங்காயம் அரிகிற அவசரத்திலும், ஊருக்குக் கிளம்பும் பரபரப்பிலும். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் கையில் நேராகக் கத்தி கொடுத்ததில்லை.

அந்த ஒரு தடவை வரும் வரை.

போன ஆடி. மருத்துவமனை போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாய். சன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குள்ளியால் ஒரு கொய்யாவை அறுத்து, எனக்கு ஆறு துண்டு, உனக்கு இரண்டு துண்டு வைத்தாய். கத்தியை முந்தானையில் துடைத்தாய். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாய். உறையில் போட்டு என் பக்கம் நீட்டினாய்.

"புடி அண்ணி."

"கீழ வை, எடுத்துக்கறேன்."

"குனிய முடியல. புடி."

"சண்ட வரும்டி."

"வரட்டும். இத்தினி வருசம் உன்கூட ஒரு நல்ல சண்டகூட போடல. ஊருல நாத்தனாருங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா கீது."

உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை நீயே மடக்கி மூடினாய். நான் அழுதேனா சிரித்தேனா, இப்போது நினைவில்லை. கொய்யா நன்றாக இருந்தது என்பது நினைவிருக்கிறது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு இது தெரிந்திருக்குமா?

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, உன் ஸ்கூட்டி, எல்லாவற்றையும் கழுவி வைத்தாகிவிட்டது. உன் கத்திகளும் பூஜையில் இருக்க வேண்டும் என்று சுருளைக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தால், எவர்சில்வர் கத்திகள் பளபளவென்று இருந்தன. இரும்புக் கத்திகள் ஒன்பதும் கருநீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தன. ஐயோ, இரண்டு மாதத்தில் இப்படிப் பாழாக விட்டுவிட்டோமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. பூஜைக்கு முன் நம் வீட்டில் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்போம்? அப்படித் தேய்த்தேன், தேவு. புளியைக் கரைத்து ஊற வைத்து, பாத்திரப் பவுடர் போட்டு, கம்பி நாரால், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க. சொல்தா, குள்ளி, எலும்புப் பிடி, எல்லாம். வெள்ளையாக மின்னின. சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிட்டு, பெருமையாக உன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். குள்ளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னாடி பண்ண?"

"அழுக்கா இருந்துது. தேய்ச்சேன்."

"அது அழுக்கு இல்லடி." அப்புறம் மெதுவாக, "அது அவ துன்ன பழம்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. மாங்காய், எலுமிச்சை, கொய்யா என்று புளிப்பு பட்டுப் பட்டு இரும்பு அப்படி நிறம் மாறும்; அந்த நிறமே ஓரளவு துருவைத் தடுக்கும்; வருடக்கணக்கில் நீ அறுத்தது எல்லாம் சேர்ந்து வந்த நிறம் அது. உன் அண்ணனுக்கு நீ சொல்லியிருக்கிறாய். எனக்கும் சொல்லியிருப்பாய், நான்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "உம்" கொட்டியிருப்பேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால், தேய்த்த கத்திகளில் துரு புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது.

உன் அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்துத் தச்சரை வரச் சொல்லி, கூடத்தில் உன் படத்துக்குக் கீழே அளவெடுக்கச் சொன்னார். கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, உள்ளே வெல்வெட்டு, பதினேழு கத்திக்கும் கொக்கி, வெளியே பூட்டு. "இனிமே யாரும் தொட வேணாம்" என்றார். யாரும் என்றால் நான். அவர் சொன்னது நியாயம்தான். உன்னை மாதிரி இன்னொருத்தி எங்களுக்குக் கிடையாது. மிச்சம் இருப்பதையாவது பத்திரமாக வைக்க வேண்டும் என்று நினைத்தார்.

நான் போய்க் கொய்யா வாங்கினேன்.

தச்சர் இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்களை ஓட்டியது எனக்கு வசதியாகப் போயிற்று. தினமும் காலையில், எல்லோரும் எழுவதற்கு முன், ஒரு கத்தி, ஒரு பழம். துடைத்து, எண்ணெய் தடவி, சுருளில் வைத்துவிடுவேன். தை மாதம் எலுமிச்சை. சித்திரையில் மாங்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு. முதலில் பரிகாரம் மாதிரி கடமையாகத் தின்றேன். பிறகு எப்போதோ அது நாளின் நல்ல நேரமாகிவிட்டது. உன் மொட்டை மாடியிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் சூரியன் எப்படி வருகிறது என்று இத்தனை வருடம் நான் பார்த்ததே இல்லை. கீழே எனக்கு எப்போதும் வேலை இருந்தது. நீ ஏன் தினமும் பத்து நிமிடம் தாமதமாக இறங்கி வந்தாய் என்பது இப்போது புரிகிறது, திருடி.

நிறம் வரத் தொடங்கியது. முதலில் முனையில் மங்கல் மஞ்சள், பிறகு கத்தரிப்பூ மாதிரி ஒன்று, பிறகு நீலம். குள்ளியின் ஒரு பக்கத்தில் மேகம் மாதிரி ஒரு திட்டு வந்திருக்கிறது. உன் கத்தியில் அது இருந்ததில்லை. நீ வலக்கை, நான் இடக்கை. பழச்சாறு வேறு பக்கமாக வழிகிறது. உன் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன் என்றுதான் தொடங்கினேன். வந்திருப்பது என் நிறம். வருத்தமாக இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

அப்புறம் குள்ளி என்னோடு வெளியே வர ஆரம்பித்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு இல்லை, பயப்படாதே. கொல்லைக்கு, கழனிக்கு. போன மாதம் கரும்பில் களை எடுக்கும் அஞ்சலை ஒரு கழியைக் காட்டி, "ஓட்டை கீது பாரு அண்ணி, தேவகியம்மா இருந்தா பார்த்து சொல்லும்" என்றாள். நான் இடுப்பிலிருந்து குள்ளியை எடுத்து, நீ செய்கிற மாதிரி கணுவுக்கு மேலே வைத்துப் பிளந்தேன். உள்ளே புழு இருந்தது. கழியைக் கீழே போட்டுவிட்டு நான் இரண்டடி பின்னால் குதித்தேன்.

அஞ்சலை சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கத்தி மட்டும் வந்துகீது. தைரியம் இன்னும் வரல போல" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது இன்னா, வூட்டுல எல்லாருக்கும் தொத்திக்கிச்சா? அண்ணனும் மோட்டார் கொட்டாயாண்ட உக்காந்து கத்தி வெச்சிதான் வெள்ளரிக்கா அறுத்துத் துன்றாரு" என்றாள்.

"எந்தக் கத்தி?"

"மரப்புடி. கழுத்துல வளையம்."

சொல்தா. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சுருளில் சொல்தாவின் இடம் காலியாக இருந்ததைப் பார்த்திருந்தேன். கொக்கி அளவுக்காகத் தச்சர் வாங்கிப் போயிருப்பார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம், துவைக்கப் போட்டிருந்த உன் அண்ணனின் சட்டையைத் தூக்கினேன். கனத்தது. பையில் சொல்தா. மடிப்பில் வெள்ளரி விதை ஒன்று ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. யாரும் தொடக் கூடாது என்று பூட்டுக்குச் சொல்லி வைத்த மனிதர், தேவு!

விதையை எடுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் சட்டையின் பையில் கத்தியை வைத்து மாட்டினேன். காலையில் அவர் பையைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இட்லித் தட்டில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்படியே ஒரு மாதம் ஓடுகிறது. அவர் தன் கையாலேயே எடுத்து வைத்ததாக நினைக்கிறாரா, எனக்குத் தெரியும் என்று தெரிந்தே நடிக்கிறாரா? உன் அண்ணனை என்னை விட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீயே சொல்.

நம் பெண் நிவேதா கொசுவைக் கேட்டு வாங்கிப் போய்விட்டாள். அத்தையின் ஞாபகமாக என்றாள். இப்போது விடுதியில் யாருக்கு பார்சல் வந்தாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். "அம்மா, எங்க ரூமு போஸ்ட் ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு. ஆனா பார்சல் பிரிச்சா கமிஷனா முறுக்கு வந்துடும்" என்கிறாள். உன் மருமகள், சந்தேகமே வேண்டாம்.

நேற்று அலமாரி வந்து இறங்கிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, தச்சர் மாதக்கணக்கில் இழுத்தடித்ததற்கு நன்றாகவே செய்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை உன் முதல் வருட திதி. படையல் முடிந்ததும் எல்லோரும் பார்க்கக் கத்திகளை உள்ளே மாட்டிப் பூட்ட வேண்டும் என்பது உன் அண்ணன் ஏற்பாடு. இன்று காலை பனித்திட்டை வைத்துக்கொண்டு மாடியில் நின்றபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெல்வெட்டில் படுத்தால் பனித்திட்டு எந்தக் கயிற்றை அறுக்கும்? குள்ளியின் மேகம் அப்படியே நின்றுவிடுமே. அடுத்து அது என்ன நிறமாகும் என்று நான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒன்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இது அச்சில் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை கடந்திருக்கும்.

சுருளை அலமாரிக்கு முன்னால் தரையில் விரித்து வைக்கப் போகிறேன். உன்னோடு அலைந்தவர்கள் வருவார்கள். அஞ்சலை வருவாள், பட்டறைக்காரர் வருவார், உன் அலுவலகப் பெண்கள் வருவார்கள், பனித்திட்டிலிருந்து அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒன்று. நான் யார் கையிலும் கொடுக்க மாட்டேன், அவரவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. அலமாரியில் உன் பிஸ்கட் டப்பாவும் மூக்குக் கண்ணாடியும் இருக்கட்டும். மிச்ச இடத்தில் என் ஊறுகாய் ஜாடிகள் கச்சிதமாக நிற்கும், அளந்து பார்த்துவிட்டேன்.

உன் அண்ணன் முகம் மாறும். எல்லோருக்கும் எதிரில், என்னைக் கேட்காமல் என் தங்கையின் பொருளை எப்படி என்று கேட்பார். கேட்கட்டும். அவர் சட்டைப் பையில் நானே கையை விட்டு, சொல்தாவை எடுத்து, கீழே வைக்காமல், அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிடப் போகிறேன். சண்டை வந்தால் வரட்டும். வெள்ளரிக்காயை இனி வீட்டில் உட்கார்ந்தே தின்னட்டும், எனக்கும் ஒரு துண்டு கொடுத்து.

குள்ளியை மட்டும் சுருளில் வைக்க மாட்டேன். அது என் இடுப்பில் இருக்கும். வாழ்நாள் முழுக்க அதற்குப் பழம் வாங்கிப் போடுகிறேன், உன் மேல் ஆணை. அடுத்த கரும்பில் புழு வந்தால் குதிக்காமல் நிற்கிறேன். ஒரு அடி மட்டும், அதுவும் மெதுவாக, பின்னால் நகர்கிறேன்.

நீ கையில் கத்தி கொடுத்தும் இன்னும் உன்னோடு சண்டை போடாத, உன்னை விட ஆறு மாதம் இளைய,
உன் அண்ணி
வாசுகி